செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்டா, லிண்டிஸ்ஃபார்னா? கடல் வழிவிடும் இரண்டு தீவுகளில் எதற்குப் போவது

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் பார்த்தாயிற்று. கடல் நடுவே ஒரு பாறை, உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் சின்னக் கிராமம், தண்ணீர் வற்றினால் நடந்தே போய்ச் சேரும் பாதை. இப்படி ஒரு படம் கைப்பேசியில் கண்ணில் பட்டதும் "இங்கே போகலாமே" என்று பேச்சு தொடங்கும். மும்பை ஹாஜி அலி தர்காவைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. கடல் ஏறினால் பாதை மூழ்கும், இறங்கினால் தெரியும்.

பிரிட்டனில் இந்த வகையில் பெயர்பெற்றவை இரண்டு. தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலின் மராசியன் ஊருக்கு எதிரே செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட். வடகிழக்கில், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுத் தெற்கே, நார்தம்பர்லாந்துக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன். இதை அங்குள்ளவர்கள் ஹோலி ஐலண்ட் என்றே சொல்வார்கள். நாட்டின் இரு மூலைகளில் இருப்பதால் ஒரே விடுமுறையில் இரண்டையும் முடிக்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படங்களை அருகருகே வைத்து எது அழகு என்று முடிவு செய்பவர்கள்தான் போய்ச் சேர்ந்த பிறகு வருந்துகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. பாதை மூழ்கும் நேரத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்? மவுண்டில் படகு ஏறித் திரும்பிவிடலாம். லிண்டிஸ்ஃபார்னில் அடுத்த ஐந்து மணி நேரத்துக்குத் தீவைவிட்டு வெளியே வர வழியில்லை. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

மெரினாவை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்

சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் மாறும். காலையில் பார்த்த கடலும் மாலையில் பார்க்கும் கடலும் நமக்கு ஒன்றாகவே தெரியும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வருகிறவர்கள் ஏமாந்துபோவது இயல்பு. மவுண்ட் இருக்கும் வளைகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் கிட்டத்தட்ட 5 மீட்டர் ஏறி இறங்கும். லிண்டிஸ்ஃபார்னில் 4 மீட்டருக்கு மேல். அதாவது ஒரு மாடி வீட்டை மூழ்கடிக்கும் உயரம், ஆறு மணி நேரத்துக்குள். மணல் திட்டு சமதளமாக இருக்கும் இடத்தில் இந்த நீர் அலையடித்து வராது. சத்தமில்லாமல் ஓடைகளை நிரப்பிக்கொண்டு பக்கவாட்டில் வரும். பலர் அதைக் கவனிக்கும்போது அவர்களுக்குப் பின்னால் இருக்கும் ஓடை ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

நேரத்தைத் திட்டமிட நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே முதல் உதவி. ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நிலவின் திதியோடு அது கட்டுண்டிருப்பதால், ஒரே இடத்தில் ஒரே திதிக்கு ஏற்றம் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும். இங்கேதான் இரண்டு தீவுகளும் நேரெதிராகப் பிரிகின்றன.

மவுண்டில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் விடிகாலையும் மாலையும் வரும். கோடை நேரப்படி நண்பகலை ஒட்டி வற்றம். ஆகவே பாதை காலை பத்து, பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு, மூன்று வரை திறந்திருக்க வாய்ப்பு அதிகம். நடந்து போய்க் கோட்டை பார்த்து நடந்தே திரும்பலாம். பிரதமை, துவிதியையில் வற்றம் இன்னும் ஆழமாக இருக்கும், ஏனென்றால் கடல் நிலவுக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் முழு வீச்சைக் காட்டும். அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் நண்பகலில் பாதை நீருக்கடியில். போகவும் வரவும் படகுதான்.

லிண்டிஸ்ஃபார்னில் கணக்கு தலைகீழ். அமாவாசை, பௌர்ணமிக்கு ஏற்றம் பிற்பகல் மூன்று, நான்கு மணியை ஒட்டி வரும். சாலை ஏறத்தாழ ஒரு மணி வாக்கில் மூழ்கி, மாலை ஆறு, ஏழு மணிக்குத்தான் தெரியும். காலை பத்து மணிக்கு லண்டனிலிருந்து ரயிலேறிப் போகிறவர்களுக்கு அன்று தீவே கிடையாது. அஷ்டமி, நவமி, தசமி நாட்களில் சாலை முற்பகலில் மூடி, நண்பகலை ஒட்டித் திறந்து, மாலை ஏழு, எட்டு வரை கிடக்கும். ஒருநாள் பயணத்துக்கு இதுதான் நல்ல வாரம்.

திதி வாரத்தைக் காட்டும். நிமிடத்தைக் காட்டாது. போகும் நாளுக்கு உரிய அதிகாரப்பூர்வ அட்டவணையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லிண்டிஸ்ஃபார்னுக்கு நார்தம்பர்லாந்து மாவட்ட நிர்வாகம் பாதுகாப்பான நேரங்களை நாள்வாரியாக வெளியிடுகிறது. மவுண்டுக்குத் தீவு நிர்வாகமே வெளியிடுகிறது. அந்த அட்டவணையும் அமைதியான வானிலைக்கானது. காற்றழுத்தம் தாழ்ந்து, கரை நோக்கிப் பலத்த காற்று அடித்தால் நீர் முன்னதாக ஏறும், தாமதமாக இறங்கும். கடைசி அரை மணியை எப்போதும் உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நேரம் தவறினால்

மவுண்டுக்குப் போகும் பாதை கருங்கல் பாவியது. நீளம் சுமார் அரை கிலோமீட்டர். பத்துப் பதினைந்து நிமிட நடை. ஒவ்வொரு வற்றத்துக்கும் சுமார் நான்கு மணி நேரம் திறந்திருக்கும். அஷ்டமியை ஒட்டி அதைவிடக் குறையும். கற்களுக்கு இடையே சந்துண்டு, ஓரங்களில் பாசி வழுக்கும். பாதை அப்போதுதான் நீரிலிருந்து வெளிப்பட்டிருந்தால் ஈரம் காய்ந்திருக்காது. செருப்பு, ஷூவின் வழவழப்பான அடி இரண்டுமே உதவாது. விளிம்பு வழியாக நடக்காமல் நடுவில் நடந்தால் போதும். மூழ்கத் தொடங்கிய பிறகு "கணுக்கால் அளவுதானே" என்று இறங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இருபுறத்து நீரும் நடுவில் சேரும் இடத்தில் இழுப்பு இருக்கும், கல்லின் விளிம்பும் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் அப்படி இறங்க வேண்டிய தேவையே இல்லை. பாதை மூழ்கியதும் படகுகள் ஓடத் தொடங்கும். சில நிமிடப் பயணம். சிறிய திறந்த படகுகள். மராசியன் பக்கம் நீர்மட்டத்தைப் பொறுத்து ஏறும் இடம் மாறும். அறிவிப்புப் பலகையையோ ஊழியர்களையோ கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணம் கோட்டைச் சீட்டில் அடங்காது, தனி. ஏறுவதும் இறங்குவதும் ஈரமான கற்படிகளில். கை பிடித்துவிட ஆள் உண்டு என்றாலும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பாதை நடப்பதைவிடக் கடினமாக இருக்கலாம். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். குளிர்காலத்தில் படகைக் கணக்கில் எடுத்துக்கொண்டே திட்டம் போடக் கூடாது.

லிண்டிஸ்ஃபார்னில் படகு கிடையாது. பீல் என்ற இடத்தில் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து கிளை பிரிந்து, மணல் திட்டின் மேல் போடப்பட்ட தார்ச்சாலை கிராமம் வரை சுமார் 5 கிலோமீட்டர் போகிறது. நம்மூர் ஆற்றுத் தரைப்பாலம்போலத்தான். வித்தியாசம், இது மழைக்காலத்தில் மட்டும் மூழ்காது, தினம் இரண்டு முறை மூழ்கும். ஏற்றத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு தொடங்கி மூன்று மணி நேரம் பின்பு வரை சாலை இல்லை. எந்தக் கதவும் தடுப்பும் கிடையாது. பலகை மட்டும்தான்.

கார்கள் மாட்டிக்கொள்வது எப்படி என்று புரிந்துகொண்டால் அந்தத் தவறு நடக்காது. சாலை முழுவதும் ஒரே உயரத்தில் இல்லை. பெருநிலப் பக்கத்துக்கு அருகே ஒரு பாலம் இருக்கிறது. அதனடியில் ஓடும் ஓடைதான் முதலில் நிறையும். தீவிலிருந்து தாமதமாகக் கிளம்புபவர் கிராமத்தருகே உலர்ந்த சாலையைப் பார்த்து "இன்னும் வரவில்லை" என்று நம்பி ஓட்டுகிறார். சில நிமிடம் கழித்து பாலத்தருகே தண்ணீரைச் சந்திக்கிறார். பின்னால் திரும்புவதற்குள் அங்கேயும் ஏறியிருக்கும். அந்த இடத்தில் கம்பங்கள் மேல் ஒரு வெள்ளைக் குடில் நிற்கிறது. காரை விட்டுவிட்டு அதில் ஏறி, அவசர எண் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் பிரிவைக் கேட்க வேண்டும். சீஹவுஸஸ் துறையிலிருந்து உயிர்காப்புப் படகு வரும். ஆள் பிழைத்துவிடுவார், உப்புநீர் புகுந்த கார் பெரும்பாலும் பிழைக்காது. சாலையில் தண்ணீர் தெரிந்தால், எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும், திரும்பிவிடுவது ஒன்றுதான் வழி.

சாலையைத் தவிர யாத்திரிகர் பாதை ஒன்றும் உண்டு. மணலில் நட்ட நெடுங்கம்பங்களைப் பிடித்துக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் சேற்றிலும் நீரிலும் நடப்பது. வெறுங்காலோடு அந்தக் கம்பங்களின் வரிசையில் போகும் அனுபவத்துக்கு ஈடு மவுண்டில் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். கார்களுக்கான பாதுகாப்பு நேரம் நடப்பவர்களுக்குப் பொருந்தாது. நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது மட்டுமே தொடங்க வேண்டும், அது திரும்பி ஏறத் தொடங்குவதற்குள் கரை சேர்ந்திருக்க வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துப்போகும் பாதை இது இல்லை.

முழங்கால்கள்

பெரியவர்களோடு போகும் குடும்பத்துக்கு இந்த ஒரு விஷயமே முடிவைச் சொல்லிவிடும். மவுண்டின் கோட்டை பாறை உச்சியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிராமத்திலிருந்து செங்குத்தாக ஏறும் உருளைக்கல் பாதை. கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை, படிகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குச் சோதனை. மழை பெய்தால் இன்னும் மோசம். பார்வையாளர்களுக்கு வண்டி கிடையாது. பாறைக்குள் 1900ஆம் ஆண்டுவாக்கில் சுரங்கத் தொழிலாளர்கள் குடைந்த இழுவைத் தண்டவாளம் ஒன்று உண்டு, இன்றும் ஓடுகிறது. ஆனால் அது கோட்டைக்குச் சாமான் ஏற்ற மட்டும். குழந்தையின் தள்ளுவண்டியைக் கீழேயே விட்டுவிட்டுத் தூளியிலோ தோளிலோ தூக்கிக்கொள்வது நல்லது.

மேலே ஏற முடியாதவர்களுக்கு மவுண்டில் மிச்சம் இருப்பது துறைமுகம், சில வீடுகள், சிற்றுண்டிக் கடை. நல்ல வெயிலில் அதுவும் ஒரு மணி நேரத்துக்கு இனிமைதான். ஆனால் அதற்காக கார்ன்வால் வரை வருவது நியாயமில்லை.

லிண்டிஸ்ஃபார்ன் தட்டையான தீவு. கிராமத்துக்குள்ளும் மடாலய இடிபாடுகளைச் சுற்றியும் நடப்பது எளிது. கோட்டை மட்டும் கார் நிறுத்தத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பெப்லோ என்ற கூம்புப் பாறை மேல் நிற்கிறது. அடிவாரம் வரை சமதரை, கடைசியில் கல் பாவிய சரிவும் உள்ளே படிகளும். கோட்டைக்குள் ஏறாவிட்டாலும் நாள் வீணாகாது, ஏனென்றால் இந்தத் தீவின் உயிர் மடாலயத்திலும் கடலோரத்திலும் இருக்கிறது. காற்று மட்டும் கடுமையாக அடிக்கும். ஜூலையிலும் காது மூடும் தொப்பி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

போய்ச் சேருவது

கார் இல்லாதவர்களுக்கு மவுண்ட்தான். லண்டன் பாடிங்டனிலிருந்து பென்சான்ஸுக்குப் பகல் ரயில் சுமார் ஐந்து மணி நேரத்துக்கு மேல். பென்சான்ஸிலிருந்து மராசியன் 5 கிலோமீட்டர், பேருந்து உண்டு, கடலோரமாகச் சமதரையில் நடக்கவும் செய்யலாம். நடந்தால் வழி முழுவதும் தீவு கண்முன்னே வளர்ந்துகொண்டே வரும்.

இரவில் தூங்கிக்கொண்டே போகும் நைட் ரிவியெரா ரயிலும் பாடிங்டனிலிருந்தே கிளம்புகிறது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வெள்ளி இரவு ஏறிச் சனி காலை பென்சான்ஸில் இறங்குவார்கள். சனிக்கிழமை மவுண்டின் கோட்டை திறப்பதில்லை. அதனால் சனிக்கிழமையைப் பக்கத்துக் கடலோர ஊரான செயின்ட் ஐவ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் எர்த் நிலையத்தில் மாறினால் கடலை ஒட்டி ஓடும் கிளைப்பாதை அங்கே கொண்டுபோய்விடும். ஞாயிறு மவுண்ட், ஞாயிறு இரவே அதே ரயிலில் திரும்பித் திங்கள் காலை லண்டன். சனி இரவு அந்த ரயில் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தோட்டம் கோட்டையைவிடக் குறைந்த நாட்களே திறக்கும், பெரும்பாலும் வாரநாட்களில். ஆக, தோட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும்.

லிண்டிஸ்ஃபார்னுக்கு கிங்ஸ் கிராஸிலிருந்து பெரிக்-அபான்-ட்வீட் வரை நான்கு மணி நேரத்துக்குள் ரயில் போய்விடும். வேகத்தில் இதுவே மேல். ஆனால் அங்கிருந்து தீவுக்கு இருபது கிலோமீட்டர் இன்னும் இருக்கிறது. பேருந்து உண்டு, கடலுக்கேற்ப அதன் நேரம் நாளுக்கு நாள் மாறும், எல்லா நாளும் ஓடாது. பெரிக்கில் வாடகைக் காரோ டாக்ஸியோ பேசிக்கொண்டால் நிம்மதி. நியூகாசிலிலோ எடின்பரோவிலோ வசிப்பவர்கள் சொந்தக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, லிண்டிஸ்ஃபார்ன்தான்.

செலவில் ஒரு குறிப்பு. இரண்டு கோட்டைகளும் பழைய இடங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் வசம் இருப்பதால் அதன் உறுப்பினர் அட்டை இரண்டிலும் செல்லும். லிண்டிஸ்ஃபார்ன் மடாலயம் மட்டும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் கையில். நேஷனல் டிரஸ்ட் அட்டை அங்கே செல்லாது. படகுக்கும், ஹோலி ஐலண்ட் பொதுக் கார் நிறுத்தத்துக்கும் எல்லோரும் பணம் கட்ட வேண்டும்.

எதைப் பார்க்கப் போகிறோம்

கோட்டைக்காகப் போகிறவர் மவுண்டுக்குப் போகட்டும். அதில் சந்தேகமே வேண்டாம். 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட், பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இதேபோல் ஒரு கடல் பாறையில் இருக்கும் மோன் சான் மிஷேல் மடத்துத் துறவிகளுக்கு இந்தப் பாறையைக் கொடுத்தார். உச்சியில் இருக்கும் தேவாலயம் அந்தத் தொடர்பின் மிச்சம். முதலில் கட்டியது 1275 நிலநடுக்கத்தில் இடிந்து, இப்போதிருப்பது 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. துறவிகள் இருந்த பாறையே கோட்டையாகவும் ஆனது. 1473இல் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு ஜான் டி வேர் இதைப் பிடித்து, நாலாம் எட்வர்டின் படைகளை 23 வாரம் தடுத்து நிறுத்தினார். 1588இல் ஸ்பானியக் கப்பற்படை தெரிந்ததும் இங்கே கோபுரத்தில் ஏற்றிய தீதான் கரை நெடுக அடுத்தடுத்து ஏறிய எச்சரிக்கைத் தீக்கு முதல் சுடர்.

1659இல் செயின்ட் ஆபின் குடும்பம் வாங்கியது. 1954இல் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள், ஆனால் 999 ஆண்டு குத்தகையில் கோட்டைக்குள் வசிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். இது காட்சிக்கூடம் இல்லை, குடியிருக்கும் வீடு. அதனால்தான் அறைகள் உயிரோடு இருக்கின்றன. துறவிகளின் பழைய உணவுக்கூடத்தில் சுவரைச் சுற்றிவரும் வேட்டைக் காட்சிச் சுதைச் சிற்ப வரிசையை நின்று பாருங்கள். ஷாம்பெய்ன் பாட்டில் தக்கைகளால் ஒரு பட்லர் செய்த தீவின் மாதிரி குழந்தைகளை இழுத்துப் பிடிக்கும். அவர்களுக்கு மேலும் ஒன்று. கார்மோரன் என்ற அரக்கனை ஜாக் என்ற பையன் குழியில் வீழ்த்திய கதை இந்தப் பாறையுடையது. ஏறும் பாதையில் பதித்திருக்கும் இதய வடிவக் கல்லைத் தேடச் சொன்னால் பிள்ளைகள் களைப்பு தெரியாமல் மேலே வந்துவிடுவார்கள்.

கிராமத்தில் இன்று முப்பது பேர்வரைதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகளும் நான்கு தெருக்களும் இருந்தன. பென்சான்ஸ் துறைமுகம் மேம்பட்டு, 1852இல் ரயிலும் அங்கே வந்ததும், கப்பல்கள் இந்தத் துறையை மறந்தன. துறைமுகச் சுவரில் உட்கார்ந்து எதிரே பென்சான்ஸைப் பார்த்தால் அந்த வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் விளங்கும். கார்னிஷ் மொழியில் இந்தப் பாறைக்குப் பெயர் "காட்டுக்குள் இருக்கும் சாம்பல் பாறை". பெயர் வீணாக வரவில்லை. வளைகுடாவின் அடியில் மூழ்கிய காட்டின் அடிமரங்கள் ஆழ்ந்த வற்றத்தில் சில இடங்களில் தெரிந்திருக்கின்றன. கடலைப் பார்த்த சரிவில் உள்ள தோட்டத்தில் நம்மூர் வேலியோரத்து ஆனைக்கற்றாழையின் உறவுகள் செழித்து நிற்கும். பகலெல்லாம் வெயில் வாங்கிய கருங்கல் இரவில் சூட்டை விடுவதால் உறைபனி அண்டுவது அரிது.

லிண்டிஸ்ஃபார்னின் கோட்டை இதன்முன் சிறியது. 16ஆம் நூற்றாண்டில், ஸ்காட்லாந்துப் பகையை நினைத்து, மூடப்பட்ட மடாலயத்தின் கற்களைப் பெயர்த்துக் கட்டியது. 1900களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகை அதிபர் அதை வாங்கி, எட்வின் லட்யன்ஸிடம் விடுமுறை வீடாக மாற்றச் சொன்னார். டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையையும் இந்தியா கேட்டையும் வடிவமைத்த அதே லட்யன்ஸ். டெல்லியின் அகலத்தைப் பார்த்த கண்ணுக்கு, இங்கே தாழ்ந்த வளைவும் இருண்ட நடைபாதையும் சிறு சன்னலுமாக அவர் கை எப்படி அடங்கி வேலை செய்திருக்கிறது என்பது வியப்பாக இருக்கும். எதிரே வயலில் தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கில் 1911இல் அமைத்த சுவர் சூழ்ந்த சிறு தோட்டம். ஜூலை, ஆகஸ்டில்தான் அது பூக்காடு. கோட்டையின் திறப்பு நேரம் கடலைப் பொறுத்து மாறும். அதையும் அட்டவணையோடு சேர்த்துப் பாருங்கள்.

இந்தத் தீவுக்குப் போக வேண்டிய உண்மையான காரணம் மடாலயம். 635இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து வந்த ஏய்டன் துறவி இங்கே மடம் அமைத்தார். 687இல் கத்பர்ட் துறவி மறைந்து, அவர் கல்லறை யாத்திரைத் தலமானது. 700ஐ ஒட்டி, வண்ணச் சித்திரங்களால் அலங்கரித்த கையெழுத்து பைபிள் நூலான லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு இங்கே எழுதப்பட்டது. 793இல் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர் கடல்வழி வந்து சூறையாடினார்கள். ஐரோப்பாவே அந்தச் செய்தியில் நடுங்கியது. இன்று நிற்கும் சிவந்த மணற்கல் இடிபாடு அதன் பிறகு, 12ஆம் நூற்றாண்டில் டரம் துறவிகள் எழுப்பியது. கூரை விழுந்த பிறகும் அந்தரத்தில் நிற்கும் ஒற்றை வளைவை வானவில் வளைவு என்கிறார்கள். நற்செய்தி ஏட்டின் மூலம் தீவில் இல்லை, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஏட்டைப் பார்க்கவென்று தீவுக்கு வந்து ஏமாறாதீர்கள். மடாலயத்துக்குத் தெற்கே உள்ள மேட்டில் ஏறி நின்றால், எதிர்த்த மணல் திட்டில் கிடக்கும் கடல்நாய்கள் ஊளையிடுவது காற்றில் வரும். அந்த ஒலியைக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

மூன்றாவது பெயர்

"மோன் சான் மிஷேலுக்கே போய்விடலாமே" என்று யாராவது சொல்வார்கள். பிரமாண்டத்தில் அதற்கு இணையில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 14 மீட்டர் வரை மாறும் கடல், 13ஆம் நூற்றாண்டின் அதிசயக் கட்டடம். ஆனால் உச்சியில் இருப்பது மடாலயம், கோட்டை அல்ல. 2014இல் புதுப் பாலம் வந்தபிறகு மிக உயர்ந்த ஏற்றங்களில் சிறிது நேரம் தவிர எப்போதும் போகலாம். கடலைத் தவறவிடும் பயம் கிட்டத்தட்ட இல்லை, கடல் வழிவிடக் காத்திருக்கும் சிலிர்ப்பும் இல்லை. மடாலயத்துக்கு ஏறத்தாழ 350 படி. கார் நிறுத்தம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, இலவசப் பேருந்து உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் பிரிட்டன் விசா மட்டும் வைத்திருக்கும் பெற்றோர் அங்கே போக ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பல குடும்பங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். விசாவும் வலுவான கால்களும் இருந்தால், கூட்டம் வடிந்த மாலையில் மதிலின் மேல் நடக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இரவு தங்கினால்

மவுண்டுக்குப் போகிறவர்கள் மராசியனிலோ பென்சான்ஸிலோ தங்க வேண்டும். லிண்டிஸ்ஃபார்னில் தீவுக்குள்ளேயே விடுதிகள் உண்டு, அமாவாசை, பௌர்ணமி வாரத்தின் சிக்கலுக்கு அதுவே நல்ல தீர்வு. நண்பகலுக்கு முன் சாலை திறந்திருக்கும்போது வந்துவிடுங்கள். பிற்பகல் ஒரு மணிக்குள் ஒருநாள் பயணிகளின் கூட்டம் முழுவதும் அவசரமாகக் கிளம்பிவிடும். பிறகு அடுத்த ஐந்து மணி நேரம் நூற்றைம்பது பேர் வாழும் தீவில் நீங்களும் கடற்பறவைகளும்தான். ஹோலி ஐலண்டுக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் இந்த ஐந்து மணி நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை.

அதற்குச் சில ஏற்பாடு வேண்டும். அறை முன்பதிவு செய்யும்போதே அன்றைய கடைசிக் கடப்பு நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாமதமானால் விடுதிக்காரர் ஒன்றும் செய்ய முடியாது. சிற்றுண்டிக் கடைகள் கூட்டம் போனதும் மூடிவிடும், மதுக்கூடங்களின் சமையலறையும் சீக்கிரம் அணையும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அங்கே உருளைக்கிழங்கு வறுவலைத் தாண்டி எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பெரிக்கிலேயே ரொட்டி, பழம், தயிர் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வாருங்கள். காரில் பெட்ரோலை ஏ1 சாலையிலேயே நிரப்பிவிடுங்கள். மறுநாள் காலை ரயில் இருந்தால் சாலை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பார்த்த பிறகே சீட்டு வாங்குங்கள்.